பீட்டியை நம்பலாமா? 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் தணிக்கையைத் தொடங்கியது யார்

கரிக்கட்டை

ரே பிராட்பரியின் இந்த நாவலில் ஃபயர்மேன்களின் வேலை புத்தகங்களை எரிப்பது. மோண்டாக் அவர்களில் ஒருவன், கேப்டன் பீட்டி அவன் மேலதிகாரி. முதல் பாகத்தின் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் இந்த இழை. உடம்பு சரியில்லை என்று மோண்டாக் படுத்துக் கிடக்கிறான். கேப்டன் பீட்டி வீடு தேடி வந்து, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு நீளமாக ஒரு வகுப்பு எடுக்கிறார். இந்தப் புத்தக எரிப்பு மேலே அரசாங்கத்திலிருந்து இறங்கி வந்ததல்ல, தொடக்கத்தில் ஆணையோ தணிக்கையோ கிடையாது, தொழில்நுட்பமும் வெகுஜனச் சந்தையும் சிறு குழுக்களின் நெருக்குதலும் சேர்ந்தே வேலையை முடித்துவிட்டன என்கிறார்.

நாவலைப் பற்றி எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் பிராட்பரியின் சொந்தக் கருத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. பேசுவது வில்லன். அவர் நிலையத்தின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்: ஆங்கிலேயச் சார்புள்ள நூல்களை எரிக்க 1790இல் இத்துறை நிறுவப்பட்டது, முதல் ஃபயர்மேன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று இருக்கிறது. நிஜத்தில் ஃபிராங்க்ளின் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் தீயை அணைக்கத்தான் சங்கம் வைத்தார். 1790 அவர் இறந்த வருஷம். இப்படி வரலாற்றைத் திரித்து வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர், 'அரசுக்கு இதில் பங்கில்லை' என்றால் அப்படியே விழுங்கிவிடுவதா?

வரிக்குவரி

விதிப்புத்தகத்தை வைத்து பீட்டியை மடக்க முடியாது. அந்த வகுப்பின் தொடக்கத்திலேயே அவர் அதை ஓரமாக வைத்துவிடுகிறார். விதிப்புத்தகம் என்ன சொன்னாலும் இது உண்மையில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தை ஒட்டித்தான் தொடங்கியது, புகைப்படம் வந்தபிறகுதான் சூடுபிடித்தது என்கிறார். அடிநிலை ஆட்களுக்கு 1790 கதை, விவரம் கேட்பவனுக்கு வேறு கதை. பொய்யர்தான், ஆனால் எந்தப் பொய் யாருக்கு என்று பிரித்து வைத்திருக்கிற பொய்யர்.

அவர் சொல்லும் வரிசையும் கவனிக்கத்தக்கது. முதலில் எதையும் தடை செய்யவில்லை, சுருக்கினார்கள். பேரிலக்கியம் 15 நிமிட ரேடியோ நாடகமானது, பிறகு 2 நிமிடத்தில் படித்துவிடும் பத்தியானது, கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரி. ஹாம்லெட் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பக்கச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தை வாங்க வைத்த விளம்பரம் என்ன தெரியுமா? அக்கம்பக்கத்தாருக்குச் சளைக்காமல் இருக்கலாம் என்பது. படிப்பதே 'நாலு பேரோடு ஒத்துப்போக' என்று ஆனபிறகு, ஒத்துப்போக இன்னும் சுலபமான வழி வந்தால் படிப்பு தானாகவே கழன்றுவிடும்.

பீட்டி வேண்டாம் என்றால் ஃபேபரைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். அவர் எதிர் முகாம். கடைசிக் கலைக் கல்லூரி மூடப்பட்டு 40 வருஷமாக வேலையில்லாமல் இருக்கும் ஆங்கிலப் பேராசிரியர். கல்லூரியை யாரும் சீல் வைக்கவில்லை, மாணவர்களும் புரவலர்களும் இல்லாமல் மூடினார்கள். ஃபயர்மேன்கள் அவ்வளவாகத் தேவையே இல்லை, மக்கள் தாமாகவே படிப்பதை விட்டுவிட்டார்கள் என்று மோண்டாக்கிடம் சொல்வது அவர்தான். இரண்டு எதிரிகள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதற்கு எடை உண்டு.

தாழ்வாரம்

எல்ம் தெரு 11ஆம் எண் வீட்டுக் கிழவியை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள், புத்தகங்களோடு சேர்ந்து எரிய நெருப்புக்குச்சியைத் தானே உரசிக்கொள்கிறாள் என்பதால். அந்த வீட்டுக்கு வண்டி எப்படி வந்தது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மேல்மாடத்தில் சந்தேகம் என்று ஒரு புகார் அட்டை, கீழே கையெழுத்துக்குப் பதில் இரண்டு தலைப்பெழுத்து. அதைப் படித்துக்காட்டியதும் கிழவிக்கு உடனே புரிந்துவிடுகிறது: பக்கத்து வீட்டு மிஸஸ் பிளேக்.

புத்தகங்களை ஒளித்துவைத்த மோண்டாக் வீட்டுக்கும் அப்படித்தான். மனைவி மில்ட்ரெட்தான் காட்டிக்கொடுத்தாள் என்று பலரும் எழுதுகிறார்கள். அவள் புகார் இரண்டாவது. அதற்கு முன்பே அவள் தோழிகள் புகார் கொடுத்தாயிற்று, பீட்டி அதைக் கொஞ்சம் ஆறப்போட்டிருந்தார். தோழிகளுக்கு என்ன வந்தது? மோண்டாக் ஒரு கவிதையை வாய்விட்டுப் படித்தான், அதைக் கேட்டு மிஸஸ் ஃபெல்ப்ஸ் தேம்பி அழுதுவிட்டாள், அவ்வளவுதான். கவிதை என்றாலே கண்ணீர், தற்கொலை, மனக்கஷ்டம் என்று மிஸஸ் போல்ஸ் கத்துகிறாள். குற்றச்சாட்டு 'அரசுக்கு எதிரானது' என்பதல்ல, 'எங்கள் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டான்' என்பது.

நூல் எரிப்பு என்றால் நமக்கு உடனே 1933 பெர்லின், 1981 யாழ்ப்பாணம் என்று மனசு போகும். அங்கே எரித்தவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் யாருடையவை என்று தெரியும், அதனாலேயே எரித்தார்கள். இந்த நாவலில் மிஸஸ் பிளேக்குக்குப் பக்கத்து வீட்டில் என்ன புத்தகம் இருந்தது என்றே தெரியாது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

கரிக்கட்டை

புகார் அட்டை நல்ல இடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபேபரைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். அவர் தன் குற்றத்தைச் சொல்லும்போது, கடைசியாக அவர்கள் ஃபயர்மேன்களை வைத்து எரிக்கும் ஏற்பாட்டைச் செய்தபோது கொஞ்சம் முனகிவிட்டு அடங்கிப்போனேன் என்கிறார். யார் அந்த 'அவர்கள்'? ஏற்பாடு என்றால் பட்ஜெட், கட்டடம், சம்பளம், மண்ணெண்ணெய் எல்லாம் உண்டு. மிஸஸ் பிளேக் சம்பளம் கொடுக்கவில்லை.

போலீஸையும் பாருங்கள். வழக்கமாக முதலில் அவர்கள்தான் போவார்கள். வீட்டுக்காரர் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள், அதனால் ஃபயர்மேன்கள் வெறும் வீட்டைத்தான் பார்ப்பார்கள். எல்ம் தெருவில் அன்று ஏதோ பிசகி ஆள் உள்ளேயே இருந்துவிட்டதால்தான் மோண்டாக்குக்கு எல்லாம் கலங்குகிறது. எரிப்பவனின் மனசாட்சி உறுத்தாமலிருக்க இவ்வளவு நேர்த்தியாக வேலையைப் பிரித்துக் கொடுப்பது ஒரு அரசு. ஆட்களை வேட்டையாடும் எட்டுக்கால் இயந்திர நாயும் பொதுமக்கள் நன்கொடையில் வந்ததல்ல.

வரிக்குவரி

அரசு இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்னது எது, பின்னது எது என்பதுதான் கேள்வி. வீடுகளெல்லாம் தீப்பிடிக்காதவையாக ஆனதும் ஒரு துறைக்கு வேலை போய்விட்டது. சும்மா இருந்த வண்டி, சும்மா இருந்த ஆட்கள். அதே சமயம் ஊருக்குத் தன் தாழ்வு மனப்பான்மையைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. இரண்டையும் இணைத்துவிட்டார்கள். மன அமைதியின் காவலர் என்று புதுப் பதவி.

மோண்டாக்கின் பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸின் மாமா சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடுகளில் முன்பு திண்ணை மாதிரி முன்வாசல் இருந்தது, மாலையில் உட்கார்ந்து பேசுவார்கள், ஆடுநாற்காலி போட்டிருப்பார்கள். பார்க்க நன்றாயில்லை என்று கட்டடக் கலைஞர்கள் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள், ஆனால் ஜனங்கள் சும்மா உட்கார்ந்து யோசிப்பதும் பேசுவதும் பிடிக்காமல்தான் எடுத்தார்கள் என்பது மாமாவின் கணிப்பு. இதற்கும் சட்டம் போடவில்லை, வீட்டு பிளான் மாறியது.

மூன்றாம்சுவர்

தணிக்கையையே பேசிக்கொண்டிருக்கிறோம். 'நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா' என்று கிளாரிஸ் கேட்டுவிட்டுப் போகிற கேள்விதானே கதையையே நகர்த்துகிறது. அந்தச் சந்தோஷத்துக்கு ஊர் என்ன விலை கொடுக்கிறது என்று பிராட்பரி டாலரிலேயே சொல்லியிருக்கிறார்.

மில்ட்ரெட்டின் வரவேற்பறையில் மூன்று சுவர் டிவி ஆகிவிட்டது, நாலாவது வேண்டும் என்கிறாள். விலை 2,000 டாலர், மோண்டாக்கின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. இதற்கு மேல் 100 டாலருக்கு ஒரு கருவி. அறிவிப்பாளர் பொதுவாக எல்லாரையும் விளிக்கும் இடத்தில் அவள் பெயரைப் பொருத்திவிடும், அதற்கேற்ப வாயசைவையும் மாற்றிக் காட்டும். லட்சக்கணக்கான பேருக்கு ஒரே வசனம், ஒவ்வொருத்திக்கும் தன்னிடம் மட்டும் பேசுகிற மாதிரி. தபாலில் வரும் நாடகப் பிரதியில் ஒரு பாத்திரத்தின் வசனம் மட்டும் காலியாக இருக்கும், அவள் முறை வரும்போது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது பெரும்பாலும் 'ஆமாம், எனக்குச் சம்மதம்' என்கிற ரகம். 1953இல் வந்த நாவல் இது!

இந்த இயந்திரம் எங்கே பழுதாகிறது என்பதும் எழுதியிருக்கிறது. ஒரு ராத்திரி மில்ட்ரெட்டின் 30 தூக்க மாத்திரை இருந்த புட்டி காலி. வருகிறவர்கள் டாக்டர்கள் அல்ல, இரண்டு பிளம்பர் மாதிரியான ஆட்கள். ஒரு குழாய் வயிற்றுக்கு, இன்னொன்று பழைய ரத்தத்தை எடுத்துப் புதியதை ஏற்ற. அரை மணியில் வேலை முடிந்தது, கட்டணம் 50 டாலர். ஒரு ராத்திரிக்கு ஒன்பது பத்து கேஸ் வருகிறது, அதனால்தான் சில வருஷத்துக்கு முன் தனி மெஷினே செய்தார்கள் என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் மில்ட்ரெட்டுக்கு நல்ல பசி, நேற்று எதுவும் நடக்கவில்லை என்கிறாள்.

காரணத்தை யாரும் கேட்கவில்லை, கொள்ளளவை மட்டும் கூட்டினார்கள். எரிப்புக் காட்சிகளைவிட எனக்கு இந்த இடம்தான் பயங்கரமாகப் படுகிறது.

அரைகிராம்

ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 1932இலேயே இந்தப் பழுதுக்கு வழி கண்டிருக்கிறது. அங்கே கி.பி. கிடையாது, ஃபோர்டு ஆண்டு. மாடல் டி கார் வந்த 1908இலிருந்து எண்ணுவார்கள், கதை நடப்பது 632இல். 178ஆம் ஆண்டு 2,000 மருந்தியல், உயிர்வேதியியல் ஆட்களுக்கு அரசே பணம் கொடுத்தது, ஆறு வருஷத்தில் சோமா என்கிற இன்ப மருந்து கடைக்கு வந்துவிட்டது. அளவும் பழமொழி மாதிரி எல்லார் வாயிலும் உண்டு: அரைநாள் விடுப்புக்கு அரை கிராம், வார இறுதிக்கு ஒரு கிராம், கீழ்த்திசைப் பயணத்துக்கு இரண்டு, நிலாவில் இருண்ட நித்தியத்துக்கு மூன்று. லிண்டா என்ற பாத்திரம் ஒரு நாளைக்கு 20 கிராம் வரை போகிறது. ஒன்றிரண்டு மாதத்தில் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டருக்குத் தெரியும், ஆனாலும் கொடுக்கிறார். மில்ட்ரெட்டுக்குக் குழாய் விட வேண்டியிருந்தது. இங்கே கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

இந்த இழையின் கேள்விக்கு வருகிறேன். பீட்டியையும், ஹக்ஸ்லியின் உலகை ஆள்பவர்களில் ஒருவரான முஸ்தஃபா மோண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் தடுக்கப்பட்டதைப் படித்தவர்கள், இருவரும் பேச்சில் கெட்டிக்காரர்கள். ஆனால் மோண்ட் ஒரு இடத்தில்கூட 'மக்கள் கேட்டார்கள், நாங்கள் செய்தோம்' என்று நழுவுவதில்லை. ஓர் உயிரியல் கட்டுரையைப் படிக்கிறார், அபாரம் என்று ரசிக்கிறார், வெளியிடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். ஏன் என்றால் பரிசோதனையைக் காட்டுவார். சைப்ரஸ் தீவைக் காலி செய்து மேல்வகுப்பினரான ஆல்ஃபாக்கள் 22,000 பேரை மட்டும் குடியேற்றினார்கள். ஆறு வருஷத்துக்குள் உள்நாட்டுப் போர். 19,000 பேர் செத்தபிறகு மிச்சமிருந்தவர்கள் உங்கள் ஆட்சியே தேவலை என்று மனுப் போட்டார்கள். அயர்லாந்தில் எல்லாருக்கும் நாலு மணி நேர வேலை என்று கொடுத்துப் பார்த்தார்கள், அமைதியின்மையும் சோமாச் செலவும்தான் கூடின.

தீவில் கலவரம் வந்ததற்குக் காரணம், எல்லாரையும் மேலதிகாரியாகவே வளர்த்தார்கள் என்பது. மனிதனுக்குச் சுதந்திரம் ஒத்துவராது என்பதற்கு அது சான்றாகாது. பரிசோதனையை அமைத்தவர்களுக்கு வேண்டிய விடைதான் வந்தது. பீட்டியிடம் நழுவல், மோண்டிடம் கள்ளத்தராசு. எனக்கு பீட்டிதான் பலவீனமான வாதக்காரர்.

தாள்வாசனை

பீட்டியின் கோட்பாட்டைச் சரிபார்க்கப் புனைவுக்கு வெளியே ஒரு வழக்கே இருக்கிறது, இதே புத்தகத்தின் மேல் நடந்தது.

1953இல் முதல் பதிப்பைப் போட்டது பாலன்டைன். அதே பதிப்பகம் 1967இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று 'பால்-ஹை' பதிப்பு கொண்டுவந்தது. அதில் சுமார் 75 இடங்களில் கை வைத்திருந்தார்கள். 'ஹெல்', 'டேம்', கருக்கலைப்பு போன்ற சொற்கள் போயின. குடிகாரன் நோயாளி ஆனான். தொப்புளில் பஞ்சு எடுப்பது காது குடைவதாக மாறியது. மாற்றியிருக்கிறோம் என்று புத்தகத்தில் எங்கும் ஒரு வரி இல்லை. 1973 வரை பெரியவர்கள் பதிப்பும் இதுவும் சேர்ந்தே விற்றன, அதற்குப் பிறகு வெட்டிய பதிப்பு மட்டும்தான் அச்சானது. 1979 வரை பிராட்பரிக்கே இது தெரியாது. படித்த மாணவர்கள் அவருக்கு எழுதியிருக்கிறார்கள். அவர் சண்டை போட்டு மூல வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார், பின்னுரை ஒன்றும் சேர்த்தார்.

இப்போது பீட்டி சொன்னதை இதன் மேல் வைத்துப் பாருங்கள். அரசு ஆணை இல்லை, பீட்டி சொன்னது சரி. எந்தச் சிறு குழுவும் நெருக்கியதாகவும் இல்லை, அங்கே பீட்டி தப்பு. பள்ளி நிர்வாகம் ஒன்று புகார் சொல்லக்கூடும் என்று எடிட்டர்கள் மனசுக்குள்ளேயே நினைத்து, வராத புகாருக்கு முன்கூட்டியே அடங்கிப்போனார்கள். மிஸஸ் பிளேக்கின் அட்டைகூடத் தேவைப்படவில்லை. சந்தை ஒன்றே போதுமானதாக இருந்தது.

பீட்டி குழுக்களின் பட்டியலை அடுக்கி அவர்கள் தலையில் பழியைப் போடுவதை இன்று பலர் கைதட்டி மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் பதிப்பாளர் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

புதுவரவு

ஒரு சின்னச் சந்தேகம், மன்னிக்கவும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பேப்பர்பேக் வைத்திருக்கிறேன். வெட்டியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாள்வாசனை

முதலில் உரிமைப் பக்கத்தில் அச்சு வருஷத்தைப் பாருங்கள். 1967க்கு முன்பு என்றால் கவலையில்லை. 1973இலிருந்து 1979க்குள் பாலன்டைன் அச்சு என்றால் வெட்டியதேதான். 1967இலிருந்து 1973 வரை இரண்டும் ஓடியதால் அட்டையில் பால்-ஹை முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் ஆசிரியரின் 1979 பின்னுரை இருந்தால் அது மீட்ட வடிவம். எதுவும் புரியாவிட்டால் மோண்டாக்கும் மில்ட்ரெட்டும் சண்டை போடும் பக்கங்களைப் புரட்டுங்கள். இரண்டு பேரும் ஒரு தடவைகூட வைது கொள்ளவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

வெட்டிய பிரதி என்றால் தூக்கிப் போடாதீர்கள், ஒப்பிட்டுப் படிக்க அதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.

கரிக்கட்டை

தாள்வாசனை ஐயாவின் வழக்கு என்னை அசைத்துவிட்டது. இருந்தாலும் ஆசிரியரே ஒரு நிலையில் நின்றவரில்லை. 1956 வானொலிப் பேட்டியில், நாட்டில் ஆட்கள் தங்கள் நிழலுக்கே பயந்துகொண்டிருந்த காலத்தில், புத்தக எரிப்பு அச்சத்தில் எழுதினேன் என்றார், அதாவது அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலம். 2007இல் இது அரசுத் தணிக்கை பற்றிய நாவலே இல்லை, டிவி வாசிப்பைக் கொன்றது பற்றியது என்றார். ஐம்பது வருஷத்தில் 'அவர்கள்' மெல்ல மறைந்துபோகிறார்கள்.

ஒன்று மட்டும் மாறவில்லை. பின்னாளில் அவரே நாடகமாக்கியபோது பீட்டி மோண்டாக்கைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் காட்டுவார். வைத்திருப்பது குற்றமில்லை, படிப்பதுதான் குற்றம் என்று விளக்கமும் கொடுப்பார். அதிகாரத்தில் இருப்பவனுக்கு விதிவிலக்கு உண்டு என்றால் அது வெறும் சமூக மனநிலை அல்லவே.

தாழ்வாரம்

இடையில் ஒரு மொழி விஷயம். நாம் எல்லாரும் 'ஃபயர்மேன்' என்றே எழுதுகிறோம், காரணம் உண்டு. ஆங்கிலச் சொல்லில் தீயும் ஆளும் மட்டுமே இருக்கின்றன, அவன் தீயை என்ன செய்கிறான் என்று அது சொல்வதில்லை. முன்பெல்லாம் ஃபயர்மேன்கள் தீயை அணைத்தார்களாமே என்று கிளாரிஸ் கேட்பதும் மோண்டாக் சிரிப்பதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. தமிழில் 'தீயணைப்பு வீரர்' என்று போட்டால் கேள்விக்கு முன்பே விடை வந்துவிடும். 'எரிப்பாளர்' என்றால் பழைய வேலையின் தடமே இருக்காது. மொழிபெயர்ப்பவர் கை நடுங்குகிற இடம்.

வரிக்குவரி

கடைசிப் பகுதியையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். தப்பியோடிய மோண்டாக் போய்ச் சேர்கிற, நூல்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கிரேஞ்சரின் ஆட்களைப் புத்தகக் காவலர்கள் என்று கொண்டாடுகிறோம். கிரேஞ்சரே மோண்டாக்கிடம் சொல்கிறார்: நாங்களும் எரிப்பவர்கள்தான், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து படித்தபின் எரித்துவிடுகிறோம். ஒருமுறை படித்ததை அப்படியே மீட்டெடுக்க ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறார்கள், அதற்கு இருபது வருஷம் ஆனது.

மாற்று ஏற்பாடும் உண்டு. பைபிளின் பிரசங்கி நூலுக்கு யங்ஸ்டவுனில் ஹாரிஸ் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஏதாவது ஆனால் மோண்டாக். ஒரு நூலுக்கு இரண்டு ஆள் என்றால் மூன்றாவது பிரதி இல்லை. இருவர் நினைவும் ஒரு சொல்லில் வேறுபட்டால் பாடபேதத்தை எதை வைத்துத் தீர்ப்பது? ஏடு இருந்தால் மையையாவது பார்க்கலாம். மனப்பாடத்தில் தப்பு நுழைந்தால் அது தப்பென்று சொல்ல எதுவும் மிஞ்சாது. பால்-ஹை பதிப்பை மாணவர்கள் கண்டுபிடித்தது பழைய அச்சுப் பிரதிகள் வெளியே இருந்ததால்தான்.

மூன்றாம்சுவர்

அதனால்தான் நகரத்தின் மேல் குண்டு விழுந்தபிறகு அச்சடிக்கிற காலம் வரும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள், மனப்பாடம் அதுவரைக்கும்தான். ஆனால் உங்கள் கேள்வி நிற்கிறது, ஹாரிஸ் உயிரோடு இருக்கிறாரா என்று நாவலில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அரைகிராம்

வரிக்குவரிக்கு ஒரு திருத்தம். எரித்த பிறகு மனப்பாடம் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டதால் மைக்ரோஃபிலிம் விட்டுப்போயிற்று. அதையும் கிரேஞ்சர் யோசித்துப் பார்த்ததாகச் சொல்கிறார். ஊர் ஊராக அலைகிறவர்கள் ஃபிலிமைப் புதைத்துவிட்டுப் பிறகு வந்து தோண்டுவது ஒத்துவராது, யாராவது கண்டுபிடித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு, அதனால் விட்டுவிட்டார்கள். பாடபேதக் கேள்விக்கு இது பதிலில்லை. தெரிந்தேதான் அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு மட்டும் சான்று.